தாயைப் பார்த்துக் குட்டியைக் கொள்

‘தாயைப் பார்த்துப் பெண்ணைக் கொள்’ என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பெண் கொள்வதற்குச் சொன்ன இவ்விதியை நாய்க்குட்டி கொள்வதற்கும் பொருத்திக் காட்டினார், ஹேவாஹெட்டத் தோட்டமொன்றில் வாழும் எண்பது வயது முதியவர் ஒருவர். எழுத்தறியாத அவர் சொன்ன அந்த உண்மையை, பட்டம் பெற்றுப் பாடசாலையிற் படிப்பிக்கும் நானும் என் நண்பரும் ஒரு சிற்றுயிரின் சாவுக்குப் பின்னரே கேட்டறிந்தோம். அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

நாயை இழிவுக்கு உவமையாக்குவது நமது பேச்சு வழக்கு. ஆயினும் நாலடியார் அவ்வாறு அதனைத் தள்ளிவிடவில்லை. யானையைப் போன்றவரின் நட்பை விலக்கி, நாயைப் போன்றவரின் நட்பைத் தேடிக்கொள்ளுமாறு அந்நூல் அறிவுறுத்துகின்றது. நெடுநாட் பழகிய பாகனையும் யானை கொன்றுவிடும். நாயோ, தன்னை வளர்த்தவன் கையாலேயே காயமுற்றபோதும் வாலைக் குழைக்கும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். இத்துணை நம்பிக்கையுள்ள உயிரை விலை கொடுத்து வாங்குவோர், விற்பவர் நம்பத் தகுந்தவர்தாமா என்று ஆராய்தல் கடமையன்றோ? அந்த ஆராய்ச்சியை நாங்கள் செய்யவில்லை.

கண்டியிலிருந்து தலாத்துஓயா வழியாக மலையேறும் பாதையொன்று ஹேவாஹெட்டவை அடைகின்றது. இப்பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்திலேதான் 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். வெள்ளைத் துரைமார் இம்மலைகளில் வீடு கட்டியபோது அவர்களுடைய நாய்களும் உடன் வந்தன. டெயிலர் தேயிலை நடுவதற்கு முன்பே, 1848 இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் வேட்டைநாய்க் கூட்டமொன்றை வைத்துக்கொண்டு இக்காடுகளில் மரை வேட்டையாடினார். அவ்வனுபவங்களை நூலாகவும் எழுதினார். பின்னர் துரைமார் போயினர். 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்களும் கைமாறின. ஆனால் ‘சாதி நாய்’ வளர்க்கும் ஆசை மட்டும் போகவில்லை. அது பங்களாவினின்றும் இறங்கி, கடைக்காரர் வீட்டுக்கும் ஆசிரியர் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

என் நண்பரும் ஓர் ஆசிரியர். அவருக்குப் பத்து வயதில் ஒரு மகள். அல்சேஷன் குட்டியொன்று வேண்டுமென்று அவள் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் கண்ட நண்பர், “மாஸ்டர், நீங்களும் ஒருக்கா வாங்கோ, பத்திரங்களை வாசித்துப் பார்க்க ஆள் வேண்டும்” என்று என்னையும் அழைத்துச் சென்றார். கண்டி நகரில் ஒரு தெருமுனையில், அட்டைப் பெட்டியொன்றைச் சுமந்தபடி விற்பவன் எங்களைச் சந்தித்தான். பெட்டிக்குள் கறுப்பும் செம்மண் நிறமுமாக ஒரு குட்டி சுருண்டு கிடந்தது. வயது எட்டு வாரம் என்றான். ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளொன்றையும் நீட்டினான். அதில் தந்தை, தாய், பாட்டன், பாட்டி என்று பல பெயர்கள். அடியில் ஒரு பொன்னிற முத்திரை.

“தாய் நாயைப் பார்க்கலாமா?” என்று நான் கேட்டதுண்டு. “அது தூரத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறது” என்றான். அத்துடன் விட்டுவிட்டேன். நண்பர் ஒரு மாதச் சம்பளத்திற் பாதிக்கு மேற்பட்ட தொகையை எண்ணிக் கொடுத்தார்.

நான்காம் நாள் குட்டி பால் குடிக்க மறுத்தது. அன்றிரவே வாந்தி, மறுநாள் இரத்தங் கலந்த கழிச்சல். மிருக வைத்தியரிடம் கொண்டு சென்றோம். அவர் குட்டியின் வாயைத் திறந்து பார்த்து, இதற்கு ஆறு வாரமும் நிறைந்திராது என்றார். நோய் பார்வோ என்றும், பெரும்பாலும் விற்பனைக்கு முன்பே தொற்றியிருக்க வேண்டும் என்றும் விளக்கினார். தன்னால் இயன்ற சிகிச்சையெல்லாம் செய்தார். ஆறாம் நாள் இரவு குட்டி இறந்தது. விற்பவனின் தொலைபேசி அதற்கு முன்பே ஓய்ந்துவிட்டிருந்தது.

மறுநாட் காலை அந்தச் சிறுமி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். “குட்டி செத்துப்போனது அதன் அம்மாவுக்குத் தெரியுமா மாமா?” எனக்கு விடை தெரியவில்லை. அதன் அம்மா எங்கே, எப்படி இருக்கின்றது என்பதே எனக்குத் தெரியாதே!

குழி தோண்ட வந்தவர்தாம் நான் முதலிற் சொன்ன முதியவர். சிறுவனாக இருந்த காலத்தில் பங்களாவில் நாய்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவர் அவர். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சொன்னார்: “பொண்ணு எடுக்கிறதுன்னா ஆத்தாளைப் பார்க்கிறோம். குட்டி எடுக்கிறதுக்கு மட்டும் ஆத்தா வேணாமா மாஸ்டர்? துரைகிட்ட குட்டி கேட்டு வர்றவங்களை மொதல்ல தாய்கிட்டத்தான் கூட்டிட்டுப் போகச் சொல்லுவாரு. தாயைக் காட்டாதவன்கிட்ட குட்டி வாங்கலாமா?”

அவர் சொன்னதன் நுட்பத்தை அறிய, ‘சாதி நாய்’ என்பது யாதென்று முதலில் தெளிதல் வேண்டும். இன்று நாம் காணும் இனப் பிரிவுகள் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏட்டில் ஏறியவை. உலகின் முதலாவது கென்னல் கிளப் 1873 இல் இலண்டனில் அமைந்தது. எந்த நாய்க்கு எந்த நாய் தந்தை, எது தாய் என்று பதிந்து வைப்பது அதன் தலையாய பணி. நாங்கள் தேடிய அல்சேஷனின் வரலாறும் அத்தகையதே. மாக்ஸ் ஃபொன் ஷ்டெஃபானிட்ஸ் என்ற ஜெர்மானியப் படை அதிகாரி 1899 இல் ஒரு மேய்ப்பு நாயை வாங்கி, அதனை முதலாவதாகப் பதிந்து, ‘ஜெர்மன் ஷெப்பர்ட்’ இனத்துக்கான சங்கத்தைத் தொடங்கினார். முதல் உலகப் போரின் காரணமாக ஜெர்மனி என்ற சொல்லே பிரித்தானியருக்குக் கசந்தது. ஆகவே அவர்கள் அதற்கு அல்சேஷன் என்று பெயரிட்டனர். 1977 இல் பழைய பெயரே அங்கு மீண்டபோதிலும், நமது நாட்டில் அல்சேஷன் என்ற பெயர் இன்றும் நிலைத்துள்ளது. இலங்கையிலும் நாய்களின் வமிசத்தைப் பதிவதற்கும் கண்காட்சி நடத்துவதற்கும் கென்னல் சங்கம் உண்டு. ஆதலால், குட்டியை விற்பவர் நீட்டும் தாளை அவ்வாறே நம்பிவிடாமல், அதிலுள்ள பதிவிலக்கம் மெய்தானா என்று வழங்கிய சங்கத்திடமே கேட்டறியலாம். ஒரு கடிதமோ ஒரு தொலைபேசி அழைப்போ போதும். நாங்கள் பின்னர் கேட்டபோது, எங்கள் பொன்முத்திரைத் தாளிலிருந்த இலக்கத்துக்கு உரிய நாயே இல்லையென்று அறிந்தோம்.

காகிதத்தின் வலிமையை மலையகத் தமிழருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலத்தில் தோட்டம் மாறும் தொழிலாளியின் கடனைக் குறித்த ‘துண்டு’ அவனுக்கு முன்னே சென்றது. அம்முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டமோ, இந்நாட்டிற் பிறந்தவனிடமும் தந்தை இங்கே பிறந்தமைக்கு, அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தமைக்குச் சான்று கேட்டது. “துரையோட நாய்க்கு அஞ்சு தலைமுறைப் பேரு எழுதி, கண்ணாடி போட்டுச் செவுத்துல மாட்டியிருந்தாங்க. எங்க பூட்டன் பேரு எங்க அப்பாவுக்கே தெரியாது” என்று அம்முதியவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எங்களாற் சிரிக்க முடியவில்லை. காகிதம் இல்லாதவரெல்லாம் பொய்யர் அல்லர் என்பதைப் பட்டறிந்த நாம், காகிதம் உள்ளதெல்லாம் மெய்யன்று என்பதையும் அறிந்திருக்க வேண்டாமா?

இனித் தாள் மெய்யானதென்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது குலத்தைச் சொல்லுமேயன்றி நலத்தைச் சொல்லாது. இனத்தூய்மைக்கு ஒரு விலை உண்டு. வேண்டிய உருவம் விரைவில் அமைய வேண்டுமென்று தந்தையை மகளோடு சேர்த்தால், பிறக்கும் குட்டியின் மரபுக்கூறுகளிற் சராசரியாக 25 விழுக்காட்டில் இருவழியிலும் ஒரே பிரதி அமைந்துவிடும். மறைந்து கிடக்கும் குறைகள் வெளிப்படுவதற்கு இதுவே வாயில். ஆகவே வமிசத் தாளை வாசிப்போர், தந்தைவழியிலும் தாய்வழியிலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகின்றதா என்று நோக்குதல் வேண்டும்.

இனந்தோறும் குறைகள் வேறுபடும். ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் லாப்ரடோருக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வருவதுண்டு. அதனைப் பெற்றோரின் எக்ஸ்ரே படத்தாலேயே அறிய முடியும். பக், புல்டாக் ஆகிய சப்பை முக நாய்கள் மூச்சுக்குத் திணறும். டால்மேஷனிற் செவிடாகப் பிறக்கும் குட்டிகள் உண்டு. தமிழ்நாட்டின் புகழ்பெற்ற இராஜபாளையம் நாயிலும் இக்குறை காணப்படுகின்றது. வெள்ளை நிறத்தைத் தரும் அதே காரணம் உட்செவியின் நிறக் கலங்களையும் இல்லாதாக்கிவிடுவதால் இவ்வாறு நேர்கின்றது. 2005 இல் இந்திய அஞ்சல் தலையில் இடம்பெற்ற பெருமை இராஜபாளையத்துக்கு உண்டு. ஆயினும் அதனை வாங்குவோர், குட்டிக்குப் பின்னால் நின்று கைதட்டி, அது திரும்புகின்றதா என்று பார்ப்பதே அறிவுடைமை.

குணமோ முற்றிலும் வேறொரு செய்தி. அமெரிக்காவின் பார் ஹார்பர் ஆய்வுகூடத்தில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் பல்லாண்டுகள் நாய்களை ஆராய்ந்து 1965 இல் ஒரு நூலை வெளியிட்டனர். மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரையிலான பருவமே குட்டி பிறரோடு பழகக் கற்கும் பருவம் என்பது அவர்கள் கண்ட முடிவு. அதன் முற்பகுதியைக் குட்டி தாயோடும் உடன்பிறந்தோரோடும் கழிக்க வேண்டும். கடித்தால் வலிக்கும் என்பதை அது கற்பதும் அங்கேதான். எட்டு வாரம் நிறையுமுன் தாயிடமிருந்து பிரித்து விற்பவன், பால்குடியை மட்டுமன்றி முதற் பாடசாலையையும் அதனிடமிருந்து பறிக்கின்றான்.

இப்போது முதியவரின் கேள்விக்குத் திரும்புவோம். தாயை ஏன் காட்ட மறுக்கின்றார்கள்? காட்டினால் உண்மை வெளியாகிவிடும். ஆண்டுக்கு இருமுறை ஈன்று, முலை தொங்கி, விலா எலும்பு தெரிய, இருட்டறையிற் கட்டுண்டு கிடக்கும் தாயைக் கண்ட பின்னர் எவர் பணம் கொடுப்பர்? ஈனும் வலிமை தீர்ந்ததும் அத்தாயைத் தெருவில் விட்டுவிடுவோரும் உளர். நம்முடைய பேருந்து நிலையங்களில், ஊர்நாய்களுக்கிடையே ஒதுங்கி நிற்கும் உயரமான கிழட்டு நாயொன்றை நீங்களும் கண்டிருக்கலாம். அழகிய குட்டியைப் பெட்டியில் வைத்து நீட்டும் வாணிகத்தின் மறுபக்கம் அது.

அடுத்த ஆண்டு, மிருக வைத்தியர் சொன்ன வழியில், கண்டிக்கு அருகில் அல்சேஷன் வளர்க்கும் ஒரு சிங்கள அம்மையாரைக் காணச் சென்றோம். வாங்குபவர் விற்பவரை ஆராய்வார் என்று எண்ணிச் சென்ற எங்களுக்கு, அங்கே பெரியதொரு நேர்முகப் பரீட்சை காத்திருந்தது. வீட்டில் எத்தனை பேர்? பகலில் எவர் இருப்பார்? சங்கிலியிற் கட்டி வைப்பீர்களா? வேலி உண்டா? முன்னர் நாய் வளர்த்ததுண்டா? அது என்னவாயிற்று?

நண்பர் நடந்ததை ஒளிக்காமற் சொன்னார். உடனே அம்மையார், இப்பொழுது குட்டி தர இயலாது என்று கூறிவிட்டார். பார்வோக் கிருமி 1978 இல் முதன்முதலாக அறியப்பட்டு, இரண்டு ஆண்டுகளுக்குள் உலகெங்கும் பரவியது. நோயுற்ற குட்டியின் கழிவு விழுந்த மண்ணில் அது மாதக்கணக்கில், சில வேளை ஓராண்டு வரையிலும் அழியாது கிடக்கும். தாய்ப்பாலின் வழி வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை தடுப்பூசி சரிவரப் பலிக்காது. அச்சக்தி எந்த நாளிற் குறையும் என்று எவராலும் கணிக்க முடியாது. அதனாலேயே ஆறு முதல் எட்டு வாரத்திற் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையாக, பதினாறு வாரம் வரை ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகின்றார்கள். இதனையெல்லாம் விளக்கிய அம்மையார், அடுத்த ஈற்றிற் பிறக்கும் குட்டிக்கு ஊசிகள் யாவும் முடிந்த பின்னரே தருவதாகவும், அதுவரை சிறுமி வந்து பழகிச் செல்லலாம் என்றும் கூறினார். கைக்கு வந்த பணத்தை வேண்டாமென்று சொன்ன அந்தக் கணத்திலேயே, நாங்கள் தேடி வந்தவர் இவர்தாம் என்று என் மனம் துணிந்தது.

பின்னர் அவரே எங்களைக் கொல்லைப்புறத்துக்கு அழைத்துச் சென்று தாய் நாயைக் காட்டினார். அது எழுந்து வந்து எங்களை முகர்ந்து, சிறுமியின் அருகே அமர்ந்துகொண்டது. இடம் சுத்தமாக இருந்தது, வெயில் விழுந்தது. பெற்றோர் இருவரின் இடுப்பு எக்ஸ்ரே படங்களையும், விசர்நாய்க்கடித் தடுப்பூசிச் சான்றையும் கேளாமலே எடுத்து வைத்தார். ஒரே ஓர் இனத்தை மட்டுமே வளர்ப்பதாகவும், ஒரு தாயை அதன் ஆயுளில் மூன்று முறைக்கு மேல் ஈனவிடுவதில்லை என்றும் சொன்னார். குட்டியை வளர்க்க இயலாத நிலை என்றேனும் வந்தால் வேறெவருக்கும் கொடாமல் தம்மிடமே திருப்பித் தரவேண்டும் என்று எழுதிக் கையொப்பமும் கேட்டார். வாங்கிய மூன்று நாளுக்குள் நாங்கள் விரும்பும் மிருக வைத்தியரிடம் காட்டி, குறை கண்டால் பணத்தை மீளப் பெறலாம் என்பதும் அவ்வொப்பந்தத்தில் இருந்தது. பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை அருகிலேயே இருப்பது கண்டிப் பகுதி மக்களுக்கு வாய்த்த பேறு. இப்பரிசோதனைக்கு நெடுந்தூரம் அலைய வேண்டியதில்லை.

நல்ல வளர்ப்பாளரை அறியும் வழிகள் இவையே. தாயைக் காட்டுவார். பிறந்த இடத்துக்கே வரச் சொல்வார். எட்டு வாரத்துக்கு முன் தரமாட்டார். பெற்றோரின் சோதனைச் சான்றுகளை வைத்திருப்பார். தம் இனத்தின் குறைகளைத் தாமே சொல்வார். காத்திருக்கச் சொல்வார். எல்லாவற்றுக்கும் மேலாக, நம்மைக் கேள்வி கேட்பார். எந்நேரமும் எல்லா இனக் குட்டிகளையும் ஆயத்தமாக வைத்திருந்து, பணத்தை மட்டும் கேட்பவரிடமிருந்து விலகிச் செல்வதே நன்று. அக்குட்டியின் மீது இரக்கங்கொண்டு வாங்கினாலும், அந்த விலை இன்னொரு ஈற்றுக்கு முதலாகிவிடும்.

சாதி நாய்தான் வேண்டுமா என்ற கேள்வியையும் இங்கே எழுப்பாதிருத்தல் நேர்மையன்று. லயத்து வாசலிற் பிறக்கும் ஊர்நாய்க்குட்டி நமது மழைக்கும் குளிருக்கும் பழகியது, விலையும் இல்லை. வீட்டைக் காப்பதும் அன்பு செலுத்துவதும் மட்டுமே தேவையென்றால் அதுவே அமையும். உருவமும் உயரமும் சுபாவமும் இன்னவாறு இருக்குமென்று முன்கூட்டியே அறிய விரும்புவோருக்கே இனநாய் உரியது. அவ்வாறு விரும்புவோர் அதற்குரிய பொறுமையையும் உடையவராதல் வேண்டும்.

அம்மையார் சொன்னபடியே ஏழு மாதங்கள் காத்திருந்தோம். குட்டியை அழைத்துவரச் சென்ற நாளில் முதியவரையும் உடன் கூட்டிச் சென்றோம். அவர் தாய் நாயின் பல்லையும் பாதத்தையும் பார்த்து, மெல்லத் தலையசைத்தார். சிறுமி குட்டியை எடுக்க ஓடுவாள் என்று நாங்கள் நினைத்தோம். அவள் நேரே தாயிடம் சென்று, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “நான் நல்லாப் பார்த்துக்கொள்ளுவேன்” என்று அதன் காதிற் சொல்லிவிட்டு, அதன் பின்னரே குட்டியைக் கையிலெடுத்தாள்.